ஒன்பது நாள் சுமந்த தண்ணீர்

உ

ராஜபாளையம்
மார்கழி 2

அன்பு மகள் முனீஸ்வரிக்கு உன் சித்தப்பா கருத்தையா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தி சண்முகத்தாயும் சுகம். உன் அம்மா சுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். எப்போதும் போல் எல்லோரும் சுகம் என்று ஒரே மூச்சில் எழுத இந்தத் தடவை பேனா ஓடவில்லை. நீ அந்தக் குவாஹாட்டிக் குளிரில் பேங்க் வேலையும் நீயுமாகச் சுகமாக இருக்க ஆண்டாளும் அய்யனாரும் துணை. தினமும் போனில் பேசுகிற சித்தப்பா எதற்காக ஸ்பீடு போஸ்டில் காகிதம் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் வாய் என்னைக் கேட்காமல் ஜோடித்துவிடுகிறது. காகிதம் என்றால் ஜோடித்ததை அடித்துவிட்டு எழுதலாம். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டரே எழுந்து நின்று, இவனைக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பலாம் என்று சொன்னார் என உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். அவர் எழுந்து நின்றது பெல் அடித்ததால். இந்தக் காகிதத்தில் இப்படித்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

இந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு நல்ல மழை. அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் பாறை தெரியாமல் விழுந்தது, ஒரு வாரம் குளிக்க விடவில்லை. சித்திக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் என் வாயை முதலில் தேய்த்துக் கழுவச் சொல்கிறாள். நான் காவல் இருக்கிற மாந்தோப்பில் தெற்கு வேலியைப் பன்றிகள் மறுபடியும் பிய்த்துவிட்டன. அந்த வேலிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு பாறைக்குழி இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பத்தாவது படிக்கும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவாய். மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் தேங்கி மாசி வரை கிடக்கும். மலையிலிருந்து இறங்குகிற காட்டுப்பன்றியும் மிளா மானும் அதில்தான் தண்ணீர் குடிக்கும், பன்றிகள் அதிலேயே புரண்டு, இருந்துவிட்டு, எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொண்டு போகும். அந்தக் குழியைப் பற்றித்தான் இந்தக் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அருவிக்கு வருகிறவர்கள் நம் தோப்பு வாசலில் வண்டியை நிழலில் நிறுத்துவார்கள். சும்மா நிறுத்திவிட்டுப் போனால் எனக்குப் பொழுது எப்படிப் போகும், நாலு வார்த்தை பேசுவேன். ஐப்பசியில் ஒரு நாள் திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் குழியைச் சுற்றி இருந்த குளம்புத் தடத்தைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டது. தினமும் நாற்பது பன்றி இறங்கும், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம், வெடி போடாமல் என் தொண்டையாலேயே விரட்டுவேன் என்றேன். அவர்கள் வாயைப் பிளந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரீல்ஸைப் பார்த்துவிட்டுக் கூமாப்பட்டித் தண்ணீருக்குத்தான் கூட்டம் போக வேண்டுமா, நம் பக்கமும் வரட்டுமே என்று நினைத்து, மலையில் இருக்கிற ஆயிரத்தெட்டு மூலிகையையும் இந்த மிருகங்கள் மேய்கின்றன, மேய்ந்ததின் சாறு உடம்பு வழியாக இந்தக் குழியில்தான் இறங்குகிறது, இந்தத் தண்ணீரில் காலை வைத்தால் பித்தவெடிப்பிலிருந்து மூட்டுவலி வரைக்கும் பறந்துபோகும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அவர்கள் சொல்லி வேறு நாலு பேர் வந்தார்கள். ஒரு பொய்யை ஒருவருக்குச் சொன்னால் அது பொய் என்று நினைவிருக்கும். இருபது பேருக்குச் சொன்ன பிறகு எனக்கே அது நிஜமாகிப்போனது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்தது அப்படி.

உன் அம்மாவின் காலைத்தான் உனக்குத் தெரியுமே. பாண்டிதுரை மேஸ்திரியின் பேண்டேஜ் துணிப் பட்டறையில் பிளீச்சிங் தண்ணீரில் நின்று நின்று இரண்டு குதிகாலும் வெயில் கண்ட கரிசல் மாதிரி வெடித்திருந்தது. ஐப்பசிக் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து உங்கள் வீட்டுக்குப் போனபோது மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், வெடிப்பில் ரத்தம் கசிந்தது. நான் குழித் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். மதினி சிரித்துக்கொண்டே, தம்பி, நீ சொல்லுறதுல பத்துக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாலே அம்புட்டும் ஜாஸ்தி, போயி காப்பியைக் குடி என்றார்கள். முப்பது வருஷமாக அவர்கள் என் பேச்சை அப்படிப் பத்தால் வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்கு என்னவோ ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் இருபது லிட்டர் கேனில் அந்தத் தண்ணீரை அடிச்சேற்றோடு கலக்கிப் பிடித்து, டிவிஎஸ் வண்டியில் கட்டி, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கொண்டுபோய் மதினி முன்னால் இறக்கினேன். மதினி கேனைப் பார்த்தார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார்கள். கதைன்னா வாயோட நின்னுரும், கேனைத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வருமா, கொண்டா பார்ப்போம் என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்துவந்து காலை உள்ளே வைத்தார்கள். ஒன்பது நாள், முனீஸ்வரி. ஒன்பது நாளும் சாயங்காலம் நான் கொண்டுபோனேன், ஒன்பது நாளும் அவர்கள் வெடிப்புக் காலை அரை மணி நேரம் அதில் ஊற வைத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் என் பேச்சை வகுக்காமல் முழுசாக எடுத்துக்கொண்டது அந்த ஒன்பது நாள்தான்.

பிறகு நாலைந்து நாளில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட முடியவில்லை, கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்ரீப்ரியா என்று ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று ரிசல்ட் வந்ததும் கட்டில் பக்கத்தில் வந்து, அம்மா எங்கயாவது குளம், சேறு, எலி நடமாடுற அழுக்குத் தண்ணி எதுலயாச்சும் காலை வச்சாங்களா என்று கேட்டார். மதினி காய்ச்சலோடேயே, இல்லை தாயி என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்துத் தண்ணீரை யாராவது அழுக்குத் தண்ணீர் என்று சொல்வார்களா. அடுத்து டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சேறு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்குக் கேனின் அடிச்சேறு கண்ணில் நின்றது. தெரிந்துவிட்டது, முனீஸ்வரி, அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் வார்டில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்துக் கட்டில்காரருக்கு அதற்குள் நான் என் தோப்பைப் பற்றி ஒரு பாட்டம் அளந்து முடித்திருந்தேன். எங்க மதினியாவது சேத்துல கால் வைக்கிறதாவது, நாங்க அவியளை மெத்தையில வச்சுல்லா பார்த்துக்கிடுதோம் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். டாக்டரம்மா தலையாட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி நீ போன் பண்ணினாய். அம்மாவுக்கு எப்படி வந்தது சித்தப்பா என்று கேட்டாய். எல்லாம் அந்தப் பட்டறைத் தொட்டித் தண்ணிதான், எலி செத்து மிதக்குது, மேஸ்திரி கண்டுக்கிறதே இல்லை என்று என் வாய் சொன்னது. எலியை நான் பார்க்கவும் இல்லை, அந்தத் தொட்டிப் பக்கம் போனதும் இல்லை. நீ உடனே பாண்டிதுரைக்குப் போன் போட்டு, எங்கம்மாவுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உம்ம பட்டறையை இழுத்து மூட வச்சிருவேன் என்று கிழித்துவிட்டாயாம். பெற்றவளுக்காகக் கேட்டாய், உன் மேல் தப்பில்லை. அந்த மனிதர் மறுநாள் பட்டறையை நிறுத்தி, தானே தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அதே ஈரக் கைலியோடு ஒரு பை சாத்துக்குடியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, அண்ணாச்சி, நான் எலி எதையும் பார்க்கலையே, எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியலையே என்று என்னிடம் கைகட்டி நின்றார். சரி விடும், இனிமேலாவது கவனமா இரும் என்று நான் அவரை மன்னித்தேன். நான், அவரை.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் காலையில் மதினிக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. மூத்திரப் பையில் கெட்டிக் கடுங்காப்பி நிறத்தில் ஒரு டம்ளர் கூட இல்லை. மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், கிட்னி மெஷின் அங்கேதான் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். மதினி கண்ணைத் திறந்து, நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே, தம்பி, குழித்தண்ணி கொண்டாந்தியா, காலு ரெண்டும் எரியுது, செத்த நேரம் ஊற வச்சா நல்லாருக்கும் என்று கேட்டார்கள். நர்ஸ், காய்ச்சல்ல பினாத்துறாங்க என்றாள். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், அதுவும் நாக்கு நுனி வரை வந்தது. மதினி பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, இனி எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன் மதினி என்று சொன்னேனே, அன்றைக்கும் அவர்கள் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். நான் வெளியே ஓடி வராந்தாவில் டாக்டரம்மாவைப் பிடித்து, தாயி, நான் பொய் சொல்லிட்டேன் என்றேன்.

அவர் திட்டவில்லை. எத்தனை நாள், கால்ல வெடிப்பு இருந்துச்சா, அந்தக் குழிக்கு என்னென்ன மிருகம் வருது என்று கேட்டார். ஒன்பது நாள் என்றேன், ஆமாம் என்றேன், பன்றியும் மிளாவும் எலியும் என்றேன். ஒன்றும் கூட்டாமல் நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நின்று மருந்தை மாற்றி எழுதிக்கொடுத்தார், ரத்தத்தை வேறு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். பிறகு, எலிக்காய்ச்சல்னு சொல்லுவாங்க அய்யா, ஆனா எலி மட்டும் இல்ல, காட்டுப்பன்னி, மான், மிளா எது வேணும்னாலும் இந்தக் கிருமியைச் சுமக்கும், பல சமயம் அதுகளுக்கு ஒரு நோவும் தெரியாது, நல்லா மேஞ்சுக்கிட்டுத் திரியும், கிருமி அதுக கிட்னியில குடியிருந்து மூத்திரத்தோட தண்ணியில இறங்கும், தேங்குன தண்ணியிலயும் ஈர மண்ணுலயும் வாரக்கணக்கா உயிரோட கிடக்கும், மனுசன் கால்ல ஒரு வெடிப்பு போதும், அதுதான் அதுக்கு வாசல் என்று விளக்கினார். மிருகத்தின் உடம்புச் சாறு குழியில் இறங்குகிறது என்று நான் அளந்த கதையில் அந்த ஒரு சங்கதி மட்டும் நிஜமாகிவிட்டது பார். பட்டறைத் தொட்டியைப் பற்றியும் சொன்னேன். பிளீச்சிங் தண்ணியில அந்தக் கிருமி எங்க பிழைக்கும் என்று சொல்லிவிட்டு, முந்தாநாள் கேட்டப்பவே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும் அய்யா என்று மெதுவாகச் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. நான் மதினியின் உயிரில் இரண்டு நாளைத் திருடியவன், ஏழு ஜென்மம் எடுத்தாலும், ஏழு கடலில் முழுகினாலும் கழுவ முடியாத மகாபாவி. அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுத அழுகையை நல்லவேளை உன் சித்தி பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது பையில் மூத்திரம் கூடியிருந்தது. ஒரு லிட்டர் என்று எழுத வந்தேன், அரை லிட்டர்தான், ஆனால் அதைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். மதுரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கஞ்சியும் இட்லியும் சாப்பிடுகிறார்கள், கிட்னி தேறிவிட்டது என்று போன செவ்வாய்க்கிழமை டெஸ்ட்டில் சொன்னார்கள், ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், என் வார்த்தையை நம்ப வேண்டாம், காகிதத்தைப் பார். இடையில் சுகாதார ஆய்வாளர் தோப்புக்கு வந்து குழித் தண்ணீரைப் பிடித்துப் போனார், எனக்கும் சித்திக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரில் நான் தினமும் முழங்கால் வரை இறங்கினேன், எனக்கு ஒன்றுமே வரவில்லை. அதுவும் ஒரு மாதிரி உறுத்துகிறது. பாட்டிலில் பிடித்துப் போனவர்களில் இரண்டு பேர் நம்பர் என்னிடம் இருந்தது, கூப்பிட்டுச் சொன்னேன், ஒருவருக்குக் காய்ச்சல் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், தேறிவிட்டார். அந்தத் திருப்பூர்ப் பெரியம்மா யார் என்றே தெரியவில்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பூரா அய்யனார் கோவில் சாலையில் அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன், இந்தக் குழித் தண்ணீரில் நோய் இருக்கிறது, நான் சொன்னது பொய், முன்பு கொண்டுபோனவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள் என்று. ஒரு கார்க்காரர், என்ன மாமா, தண்ணி தீரப்போகுதுன்னு நீங்களே பதுக்கிக்கிட்டீங்களா என்று கேட்டுச் சிரித்தார். பொய்யைச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்கள், நிஜத்தைச் சொன்னால் கண்ணடிக்கிறார்கள். அடுத்த ஞாயிறும் நிற்பேன். குழியைச் சுற்றி முள் வெட்டி அடைத்துவிட்டேன், மிருகங்கள் போக மலைப்பக்கம் மட்டும் வழி விட்டிருக்கிறேன். அதுகள் மேல் என்ன குற்றம், அதுகள் குடிக்கத்தான் வந்தன, மருந்து என்று அதுகளா சொல்லின.

மதினிக்கு வீட்டுக்கு வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் கேட்டதையும் நான் மறைத்ததையும் பாண்டிதுரை நின்றதையும். மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நாலு நாள் பேச்சில்லை. சித்தி கஞ்சி கொடுத்தால் குடித்தார்கள், நான் டம்ளரை நீட்டினால் அவள் வரும் வரைக்கும் அது என் கையிலேயே இருந்தது. முப்பது வருஷத்தில் மதினி என்னை எத்தனையோ கேலி செய்திருக்கிறார்கள், பேசாமல் இருந்ததில்லை. நேற்றுச் சாயங்காலம் சித்தியைக் கூப்பிட்டு, நான் கேட்கும்படியாகவே, நெசமாவே அங்க எத்தனை பன்னிதான் வருதுன்னு உன் வீட்டுக்காரர்ட்ட கேளு என்றார்கள். ஏழு, மதினி என்றேன். ரெண்டு குட்டியையும் சேர்த்து ஏழு. மதினி, முனீஸ்வரிக்கு எல்லாத்தையும் எழுது, எழுதி எங்கிட்ட காட்டிட்டுத்தான் ஒட்டணும் என்றார்கள். அதுவும் சித்தியைப் பார்த்துத்தான்.

அப்படி எழுதியதுதான் இதற்கு மேலே இருப்பதெல்லாம். இன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்கள், ஹெட்மாஸ்டர் வரும் இடத்தில் உதடு லேசாக அசைந்தது, சாத்துக்குடி வரும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி ஒரே ஒரு இடத்தில் கோடு கிழித்தார்கள். ஏழு ஜென்மம், ஏழு கடல், மகாபாவி என்று நான் எழுதிய வரி மேல் கோடு இருப்பதைப் பார்த்திருப்பாய், அது மதினி கிழித்தது. காகிதத்தை என் கையிலேயே கொடுத்து, என் முகத்தைப் பார்த்து, தம்பி, இதுவும் நாப்பது பன்னிதான், ரெண்டு நாள் தப்புக்கு ரெண்டு நாள்னு மட்டும் எழுது என்றார்கள். எனக்கு அந்தக் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆகவே திருத்தி எழுதுகிறேன்: நான் இரண்டு நாள் உண்மையை மறைத்தேன், உன் அம்மா அதில் சாகப் பார்த்தார்கள். அவ்வளவுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீ என்மேல் கோபப்பட்டால் அதையும் முழுசாகவே எடுத்துக்கொள்வேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. உனக்கும் உன் அம்மா மாதிரியே குதிகால் வெடிக்கும், அந்தப் பனியில் சாக்ஸ் போட்டுக்கொள், மழை தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் இறங்காதே, காய்ச்சல் வந்து டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, இந்தக் காகிதம் கிடைத்த அன்றைக்கே பாண்டிதுரைக்குப் போன் போட்டு, தொட்டியில் ஒன்றுமில்லை, எங்க சித்தப்பா புளுகிட்டார் என்று அந்த வார்த்தையிலேயே சொல்லு. நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், நீயும் சொன்னால்தான் அந்த மனிதருக்கு மனசு ஆறும். பொங்கலுக்கு வரும்போது உனக்குப் பிடித்த பால்கோவா வாங்கி வைக்கிறேன், ஒரு கிலோ என்று வாய் வருகிறது, அரைக் கிலோ வாங்கி வைக்கிறேன். நோய் நொடியில்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நூறு வயது இருக்க வேண்டும். இந்த நூறை மட்டும் குறைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மு. கருத்தையா

அன்பு மகளுக்கு, முழுக்கப் படித்துப் பார்த்தேன். கோடு போட்ட இடம் தவிர மீதி எல்லாம் சரி. நான் நன்றாக இருக்கிறேன். சித்தப்பாவைக் கொஞ்சமாகத் திட்டு.
அம்மா, முத்தாத்தாள்.